எடை பார்த்துப் பின்னிய போன்சோ

காகித ஆலையின் முன்வாசலைத் தாண்டியதும் எடைமேடை. மேடையை ஒட்டி ஒரு சின்ன அறை. லாரி டிரைவரின் ஜன்னல் எந்த உயரத்தில் வந்து நிற்குமோ, சரியாக அந்த உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்க முடியாது, சுவர் இடிக்கும். இறங்கித்தான் தீருவேன் என்றால் எதிர்ப்பக்கக் கதவு வழியாக, மேடைக்கு வெளியே செடிவேலிப் பக்கம்தான் இறங்கவேண்டும்.

அந்த அறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு பெயர் இல்லாமலில்லை. ஆனால் ஆலைக்குள் அவள் எடையக்கா. பழைய பேப்பரும் அட்டையும் ஏற்றிவரும் லாரி மேடையில் ஏறும். லோடோடு ஒரு எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டிக்கு ஒரு எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் காகிதம். கேட்பதற்குச் சின்னப் பிள்ளைக் கணக்கு. ஆனால் அந்தக் கழித்தலுக்குள் மனிதர்கள் எதையெல்லாம் ஒளித்துவைக்கப் பார்த்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அட்டைக் கட்டுக்குள் தண்ணீர் ஊற்றி வருவார்கள். நடுவில் செங்கல் வைப்பார்கள். ஒருமுறை ஒரு ஆள் பழைய தையல் மெஷின் ஒன்றையே பேப்பரில் சுற்றி அனுப்பியிருந்தார். எடையக்கா எண்ணைப் பார்ப்பாள், கட்டின் பருமனைப் பார்ப்பாள், ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள்.

"பின்னாடி மூணாவது வரிசை, இடது ஓரம். பிரிங்க."

பிரித்தால் சொட்டச் சொட்ட இருக்கும். அவள் மேடையைத் தாண்டி ஒரு எறும்பு போனாலும் அதற்கு என்ன எடை என்று சொல்லிவிடுவாள் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். அது தன் காதில் விழும்படி பேசப்பட்டபோதெல்லாம் அவள் விழாத மாதிரி இருந்துகொள்வாள்.

நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, நடுவில் எங்கேயோ எல்லோரும் அதைப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வது சரி. தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் கீழ்வீட்டில், அவள் மாடியில். பின்னல் ஊசியும் கம்பளி நூலும் எப்போதும் கைப்பையில் இருக்கும். ஒரு லாரி போய் அடுத்த லாரி ஏறுவதற்குள் இரண்டு வரிசை போட்டுவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. எல்லா டிரைவரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நேற்று லைசென்ஸ் வாங்கியவனுக்கும் அக்கா. தாடி நரைத்து, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வண்டி எடுக்க வரும் பெரியவருக்கும் அக்கா. "உங்களுக்கு நான் அக்காவா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். "எல்லாரும் சொல்றாங்களேக்கா" என்றார் அவர்.

கூப்பிடாதவர் ஒருவர்தான். வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து ஆலையில் எல்லோரும் அவரைப் பதினேழு என்பார்கள். மூன்று வருடமாக வருகிறார். காலை ஏழரைக்கு லோடு, ஒன்பதேகாலுக்குக் காலி வண்டி. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து அக்கா வரவில்லை. மேடம் என்பார். அதையும் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொல்வார்.

"மேடம், இன்னிக்கு லைன் கம்மியா இருக்கே?"

"கம்மியா இருக்குன்னு நீங்க பேச நின்னா அதிகமாயிடும். கிளம்புங்க."

"சரி மேடம்." ஆனால் கிளம்புவதற்குள் சீட்டை இரண்டுமுறை மடித்து, தலைக்கு மேல் தொங்கும் பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்து, அப்புறம்தான் கியர் போடுவார். மற்றவர்கள் இதையே செய்தால் எடையக்கா கண்ணாடியைத் தட்டி விரட்டுவாள்.

அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னல் அளவுக்குத்தான். ஒடுங்கிய முகம், நேர்த்தியான மீசை, ஒரு முழங்கை. கழுத்துக்குக் கீழே அவர் எப்படி இருப்பார் என்று அவள் பார்த்ததே இல்லை. தனி ஆள் என்று வாசல் காவலாளி சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாத சங்கதி ஆலையில் கிடையாது. கேட்டில் நிற்பதால் கேட்டண்ணன்.

அந்தக் குளிர்காலத்தில் பதினேழு தும்ம ஆரம்பித்தார். வண்டியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதோடு கேட்டில் ஜன்னலை இறக்கவேண்டும், எடைமேடையில் இறக்கவேண்டும், லோடு இறக்கும் இடத்தில் இறக்கவேண்டும். மூக்கு சிவந்து வந்து நிற்பார்.

"ஒரு ஸ்வெட்டர் போடக்கூடாதா?"

"கை இறுக்குது மேடம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது தோள்ல பிடிக்குது."

அன்றைக்கே ஒரு கட்டு பிரிந்து மேடையில் கொட்டியது. கேட்டண்ணனோடு சேர்ந்து அள்ளிப் போடும்போது அவள் கையில் பழைய பத்திரிகைத் தாள் ஒன்று அகப்பட்டது. ஆண்களுக்கான போன்சோவும் அதற்கு ஜோடியாகக் குல்லாவும் பின்னும் முறை. கையே இல்லாத உடுப்பு! நடுவில் தலைக்கு ஒரு துளை, தோளிலிருந்து நாலா பக்கமும் குடை மாதிரி இறக்கம். இரண்டு மூன்று நிறத்தில் பூவேலை. கட்டம் போட்ட படம், எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்ற விவரம் எல்லாம் இருந்தது. கடைசி வரி: 'அளவு அட்டவணை அடுத்த பக்கத்தில்.' அடுத்த பக்கம் அப்போது கூழ்த்தொட்டியில் கரைந்துகொண்டிருந்தது.

அவள் மூன்று நிறம் வாங்கினாள். கருநீலம், வெள்ளை, செங்கல் சிவப்பு. படத்தில் இருந்தது பனிப்பூ டிசைன். லாரி ஓட்டுகிற ஆளுக்குப் பூ எதற்கு என்று யோசித்தவள், மழை நாளில் எடைமேடைத் தகட்டில் பதிகிற டயர் தடத்தைப் பார்த்து, அதையே கட்டத்தாளில் வரைந்துகொண்டாள். எட்டுக் கண்ணிக்கு ஒரு வளைவு. நீலத்தில் வெள்ளைத் தடம், நடுவே சிவப்பு. ஒரே வரிசையில் இரண்டு நூலும் கூடவே வரும். ஒன்று முன்னால் கண்ணியாகும்போது மற்றது பின்னால் சும்மா ஓடும். பின்னால் ஓடுகிற நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கிவிடும், தளர விட்டால் விரல் மாட்டும். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அளவுதான் தெரியவில்லை.

குல்லாவில் சிக்கலில்லை. தலையைத்தான் தினமும் பார்க்கிறாளே! அவர் தலைக்குப் பின்னால் தெரியும் கண்ணாடி மாதிரியே இன்னொரு லாரியில் இருந்ததை ஸ்கேலால் அளந்து, அதோடு அவர் தலையை ஒப்பிட்டு, சுற்றளவு போட்டுவிட்டாள். உடம்புக்கு என்ன செய்வது? நேரே கேட்கலாம். கேட்டால் எதற்கு என்று அவர் கேட்பார். சொன்னால் பின்னுவதற்கு முன்னாலேயே எல்லாம் பேச்சாகிவிடும். எடைமேடையில் பேச்சாவது என்றால் அது கேட்டண்ணன் வழியாக ஆலை முழுக்க ஆவது.

விடை தானாக வந்தது. ஒருநாள் காலி வண்டியை மேடையில் நிறுத்தி, சீட்டும் வாங்கியபிறகு, பின்பக்கக் கொக்கி சரியாக மாட்டவில்லை என்று பதினேழு எதிர்ப்பக்கமாக இறங்கிப் போனார். எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எண் துள்ளிக் குதித்தது. ஆறாயிரத்து நானூற்று இருபது இருந்தது, ஆறாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு ஆயிற்று. அவர் ஏறியதும் மறுபடி நானூற்று இருபது.

எடையக்கா வாயைப் பிளந்தாள். நூற்று முப்பது கிலோ!

அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவுக்கு வருகிற ஆளும் அவள் இல்லை. அடுத்த வாரம், "பின்னாடி ஏதோ கயிறு தொங்குது, பாருங்க" என்றாள். அவர் முகம் என்னவோ வெளிறிப் போயிற்று. இறங்கினார். நூற்று இருபது. இரண்டு நாள் கழித்து, "அந்தப் பக்கம் டயர்ல காத்து இருக்கா?" மறுபடி வெளிறிக்கொண்டே இறங்கினார். நூற்று முப்பது. பாவம், அவ்வளவு உடம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறுவது கஷ்டம்தானே என்று அவளுக்கு மனம் இளகியது. நூற்று இருபத்தைந்து என்று முடித்துக்கொண்டாள். முகம் ஒடுங்கியிருந்தால் என்ன? சிலருக்கு எல்லாம் கீழே போய்த்தான் சேரும்.

எடை தெரிந்தால் அளவு தெரியாதா? ஸ்டோர் கிளார்க் ஐம்பத்து நான்கு கிலோ, மார்பு முப்பத்து நான்கு அங்குலம். தங்கை வீட்டுக்காரர் அறுபத்தெட்டு கிலோ, முப்பத்தெட்டு அங்குலம். மேலே போக ஒரு கனமான ஆள் வேண்டும். கேட்டண்ணனிடம் போனாள்.

"அண்ணே, கையைத் தூக்குங்க."

"எதுக்கும்மா?"

"சும்மாதான். தூக்குங்க."

தொண்ணூற்றெட்டு கிலோ, நாற்பத்தாறு அங்குலம். கட்டத்தாளில் மூன்று புள்ளி வைத்து, ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்து, கோட்டை மேலே நூற்று இருபத்தைந்துவரை நீட்டினாள். ஐம்பத்து மூன்று அங்குலம் வந்தது. கழுத்துத் துளையும் அதற்குத் தகுந்தாற்போல். இப்படி அளவெடுத்து உடுப்புப் பின்னியவர் அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இருக்கப்போவதில்லை.

கேட்டண்ணனோ அன்று சாயங்காலமே ஸ்டோரில் போய், "எடையக்கா எனக்கு ஸ்வெட்டர் போடுது, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆறு பேரிடம் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அவளுக்கு டீ அவரே கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றால் உண்மையைச் சொல்லவேண்டும் என்பதால் அவள் குடித்துத் தொலைத்தாள்.

போன்சோ கழுத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கியது. மேஜையைத் தாண்டி மடியில் விழுந்தது. மடியைத் தாண்டித் தரையில் விழுந்தது. ஒரு சுற்றுக்கு நானூற்று அறுபத்து நான்கு கண்ணி. எண்ணிக்கொண்டே வேலை பார்த்ததில் ஒரு டிரைவரிடம், "உங்க எடை ஒன்பதாயிரத்து இருநூறு, அதுல நாலு வெள்ளை ரெண்டு சிவப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தான்.

வீட்டில் தங்கை மாடிக்கு வந்து பார்த்தாள். கட்டில் நிறையப் பரந்து கிடந்தது.

"அக்கா, இது மனுஷனுக்கா, வண்டிக்கா?"

"போன்சோடி. போர்வை மாதிரி. நடுவுல தலையை விட்டுக்கணும்."

"எத்தனை தலை?"

"ஒரு தலைதான். கொஞ்சம் பூசினாப்ல உடம்பு."

"பூசினாப்லயா? இதுக்குள்ள நானும் அவரும் குடித்தனம் பண்ணலாம்." தங்கை ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "யாருக்கு?"

"யாருக்கோ."

"யாருக்கோ இவ்வளவு கண்ணியா போடுவாங்க? ஏய், யாருக்கா? சொல்லு."

எடையக்கா நூலில் சிக்கு விழுந்துவிட்ட மாதிரி குனிந்துகொண்டாள். விழவே இல்லை.

குல்லா முடிந்து, போன்சோவில் அரைச் சாண் பாக்கி இருந்தபோதுதான் அந்தச் சேதி வந்தது. சீட்டை இரண்டுமுறை மடித்த பதினேழு, அதைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"மேடம், சனிக்கிழமையோட இந்த ரூட்டு முடியுது. திங்கள்லேருந்து மலைப்பக்கம். மரக்கூழ் லோடு."

"மாத்திட்டாங்களா?"

"நானா கேட்டு வாங்கினேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் போய்விட்டார். எடையக்கா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்பு எண்ணைப் பார்த்தாள். அது சுழியம் காட்டியது. தானாகக் கேட்டு வாங்கினாராம். மூன்று வருடம், தினமும் இரண்டு தடவை, ஒரு முழ தூரத்தில் முகம் பார்த்த மனிதன், கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். இனி அந்த ஜன்னலில் வேறு ஒருவன் வந்து நின்று அக்கா என்பான்.

பேசாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தாள். கேட்டண்ணனுக்கே கொடுத்துவிடலாம், மனிதர் டீ கொடுத்த பாவத்துக்காவது ஆகும். ஆனால் அப்படிச் செய்தால் பதினேழுக்கு எதுவுமே தெரியாமல் போய்விடும். வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்லாமலே போனால்தான் தாங்காது. வியாழனும் வெள்ளியும் லீவு போட்டு, மாடியை விட்டு இறங்காமல் பின்னி முடித்தாள். முடிந்ததும் பழக்கம் விடாமல் எடை போட்டாள். குல்லாவோடு இரண்டு கிலோ நூறு கிராம்.

சனிக்கிழமை ஒன்பதேகால். காலி வண்டி மேடையில் ஏறியது. அவள் சீட்டை அடிக்கவில்லை. குல்லாவை முதலில் நீட்டினாள்.

"போட்டுப் பாருங்க."

அவர் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டயர் தடத்தை விரலால் தடவினார். போட்டுக்கொண்டார். தலையிலேயே வைத்துப் பின்னிய மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. மூக்கு சிவந்தது. குளிரால் இருக்காது என்று அவளுக்குப் பட்டது.

"எனக்கா மேடம்?"

"இன்னொன்னும் இருக்கு. அது ஜன்னல் வழியா வராது. இறங்கி வாங்க."

அவர் முகம் மறுபடி வெளிறியது. "இறங்கணுமா? அப்படியே சுருட்டிக் குடுங்களேன், நான் போற வழியில..."

"போட்டுப் பாக்காம எப்படிக் குடுக்கறது?"

"இல்ல மேடம், இப்ப இறங்க முடியாது."

"முடியாதுன்னா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இதற்குத்தானே காத்திருந்தோம். எடையக்கா சீட்டு மெஷின் பக்கம் கையை நீட்டினாள். அப்போது எதிரே சிவப்பு எண் துள்ளியது. ஆறாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு.

நிமிர்ந்தால் லாரி ஜன்னல் காலி.

அவள் போன்சோவை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு பின்கதவு வழியாகப் படியிறங்கினாள். லாரியின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். தலையில் அவள் குல்லா. முகம் அதே முகம். அதற்குக் கீழே ஒரு மெல்லிய மனிதர், அறுபது, மிஞ்சிப் போனால் எழுபது கிலோ. காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் போலிருந்தார். மீதி எங்கே என்று அவளுடைய கண் தானாக அவர் பின்னால் தேடியது.

மீதி பின்னால் வந்தது. நாலு காலில். பழுப்பு நிறம், தொங்கிய கன்னம், கன்றுக்குட்டி உயரம். லாரியின் டயரை ஒட்டி வந்து, அவளைப் பார்த்து, சத்தமே போடாமல் உட்கார்ந்தது.

"ஐம்பத்தெட்டு கிலோ" என்றார் பதினேழு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. "எழுதிக்குங்க."

"நாய்!" என்றாள் அவள். "மூணு வருஷமா?"

"தனியா விட்டா ஊளை விடுவான். கூட இருந்தா மூச்சு விடமாட்டான். கால் வைக்கிற இடத்துல படுத்துக்குவான், நான் இறங்கினா கூடவே இறங்கிடுவான். ஆலைக்குள்ள நாய் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க, எனக்குத் தெரியும். ஆனா மேடம், நான் ஏமாத்தல. லோடு எடையிலயும் இவன் இருந்தான், காலி எடையிலயும் இவன் இருந்தான். கழிஞ்சிடும்ல?"

கழிந்துதான் போகும். அவள் மனதுக்குள் கழித்தே பார்த்துவிட்டாள். ஆனால் எறும்பு போனால் சொல்லிவிடுகிற மேடையில் மூன்று வருடமாகத் தினமும் நாலு கால் போய் வந்திருக்கிறது!

"நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றார் அவர். "கயிறு தொங்குதுன்னு இறங்கச் சொன்னீங்க. டயர்ல காத்து இருக்கான்னீங்க. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. எடை போட்டுப் பிடிச்சிட்டீங்கன்னு புரிஞ்சுபோச்சு. தப்பு கண்டா நீங்க ஆபீசுக்கு எழுதிக் குடுக்கிற ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். எழுதாம இருந்தீங்கன்னா எனக்காக உங்க வேலைக்குக் கேடு. அதான் நானே போயிடலாம்னு மலை ரூட்டு கேட்டேன்."

"அட கடவுளே" என்றாள் எடையக்கா. "நான் எடை போட்டது உங்களை!"

"என்னையா? எதுக்கு?"

அவள் போன்சோவைத் தூக்கி அவர் தலைக்கு மேலே போட்டாள். அவர் காணாமல் போனார். கொஞ்ச நேரம் துணிக்குள் இங்கும் அங்கும் அசைவு தெரிந்தது. அப்புறம் துளை வழியாகக் குல்லா வந்தது, முகம் வந்தது, நிற்காமல் ஒரு தோளும் வந்தது. அந்தத் தோளை உள்ளே தள்ளினால் மறு தோள் வெளியே வந்தது. ஓரம் தரையில் புரண்டது. பின்னால் வரிசையில் நின்ற லாரிகள் ஹாரனை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன.

கேட்டண்ணன் ஓடிவந்தார். வந்தவர் நாயைப் பார்க்கவில்லை, போன்சோவைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, அது என்னோடதாச்சே?"

"உங்களுக்கே அது பெருசுண்ணே" என்றாள். "கொஞ்சம் அந்தாண்ட போங்க."

அவர் அந்தாண்ட போகாமல் இந்தாண்ட வந்து, மெதுவாக நாயைப் பார்த்து, "ஐயோ" என்று சொல்லி, பிறகுதான் போனார்.

"நல்லா இருக்கு மேடம்" என்றார் பதினேழு, தோளைப் பிடித்துக்கொண்டு. "ரொம்ப நல்லா இருக்கு. இப்படியே எடுத்துட்டுப் போறேன். இவனும் நானும் போத்திக்குவோம்."

"எங்க நல்லா இருக்கு? தோள் நிக்கல. நூத்தி இருபத்தஞ்சு கிலோவுக்குப் போட்டது. கழட்டுங்க."

"வேண்டாம். எனக்காகப் போட்டதை நான் திருப்பித் தரமாட்டேன்."

"அளவு தப்பாப் போனது என் கையை விட்டு வெளிய போகாது. கழட்டுங்கன்னா!"

"பிரிச்சிடுவீங்க."

"பிரிச்சுத் திருப்பிப் போடுவேன். கழுத்துவரைக்கும் பிரிக்கணும், வேற வழியில்ல. இந்தத் தடவை டேப் வச்சு அளந்து போடறேன்."

"நான் திங்கக்கிழமை மலையில இருப்பேனே" என்றார் அவர், துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க வழி தேடிக்கொண்டே.

"வாரத்துல ஒருநாள்கூட லீவு கிடையாதா?"

"ஞாயித்துக்கிழமை உண்டு."

"அன்னிக்கு எங்க இருப்பீங்க?"

அவர் தேடுவதை நிறுத்தினார். "எங்க இருக்கணும்னு நீங்க சொல்லுங்க" என்றார். அந்த வாக்கியத்தில் மேடம் இல்லை. அக்காவும் இல்லை. எதுவுமே இல்லை. அவள் அதைக் கவனித்தாள். அவரும் கவனித்ததை, குல்லாவுக்குக் கீழே அவர் காது சிவந்ததில் தெரிந்துகொண்டாள்.

போன்சோவைக் கழற்றி வாங்கிக்கொண்டு படியேறிப் போய் எடைச் சீட்டை அடித்தாள். நாய் ஏறிவிட்டதா என்று முதலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடித்தாள். சீட்டின் பின்பக்கம் விலாசத்தை எழுதி, ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் அதை இரண்டுமுறை மடிக்கவில்லை. அப்படியே பிரித்து வைத்துப் படித்துக்கொண்டே வண்டியை எடுத்ததில் வேலிச்செடி கொஞ்சம் நசுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள், இரண்டு பேரும். தங்கை கதவைத் திறந்து, நாயைப் பார்த்து அலறி, அப்புறம் ஆளைப் பார்த்து, "அக்கா! பூசினாப்ல உடம்புன்னியே, பாதிதானே வந்திருக்கு?" என்று மாடிக்குக் குரல் கொடுத்தாள்.

எடையக்கா டேப் வைத்து அளந்தாள். மார்பு முப்பத்தேழு. அதைக் குறித்துக்கொண்டதும் போன்சோவைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். மூன்று நிறமும் மூன்று தனி நூல். ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து வந்தவை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருவி, யாராவது இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார, அந்தக் கையில் சுற்றவேண்டும். அவர் நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்தார். நீலம் ஒரு சுற்று, வெள்ளை ஒரு சுற்று. நூல் மாட்டிய கையோடு மனிதன் எங்கேயும் எழுந்து போகமுடியாது. காப்பியைக்கூட அவள்தான் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. கீழே தங்கை வீட்டுக்காரர் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் இரண்டு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவர் கிளம்பும்போது பன்னிரண்டு வரிசை பிரிந்திருந்தது. இன்னும் நூற்று அறுபது சொச்சம் பாக்கி.

"அடுத்த ஞாயிறும் வரணுமா?" என்று கேட்டார்.

"பின்ன? நான் தனியா எப்படிப் பிரிப்பேன்?"

அவரும் நாயும் தெருமுனை திரும்பும்வரை தங்கை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு படியேறி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, போன மாசம் எனக்குப் போட்ட சால்வை பிடிக்கலன்னு நீயே அரை மணி நேரத்துல ஒத்தை ஆளா உருவித் தள்ளினியே. ஒரு நாளைக்குப் பன்னெண்டு வரிசைன்னா இது எப்ப முடியறது?"

"அது ஒரு கலர். இது மூணு கலர். சிக்கு விழும்" என்றாள் எடையக்கா.

மலை ரூட்டில் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பதினேழு வெறும் குல்லாவோடுதான் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் கையை நீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏழாவது ஞாயிறு எடையக்கா ஒரு வாரத்துக்குப் பத்து வரிசை போதும் என்று குறைத்துவிட்டாள்.